காதர் பாயின் இரண்டாவது அழைப்பு

காப்பிக்கொட்டையை அரவையில் கொட்டிக்கொண்டிருந்தபோது காதர் பாயின் மகள் நஸ்ரின் அழைத்தாள். வளைகுடாவிலிருந்து அந்த வேளையில் அவள் அழைப்பதில்லை. இயந்திரத்தின் இரைச்சலில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அதை நிறுத்திவிட்டு போனைக் காதில் வைத்தேன். "அத்தா மௌத்தாயிட்டாங்க மாமா. நான் வந்து சேர முடியாது. நீங்க உடனே குத்தாலம் போங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை, அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. காலைத் தொழுகைக்கு எழுந்தவர் உட்கார்ந்த நிலையிலேயே சரிந்துவிட்டாராம். கடைப் பையனிடம்கூடச் சொல்லாமல் கதவைப் பாதி இழுத்துவிட்டு, கும்பகோணத்தில் பஸ் ஏறினேன். வழி நெடுக எனக்கு வந்தது கோபம்தான். முந்தின நாள்வரை ஒரு கபடி ஃபீட்டுக்காக என்னோடு மல்லுக்கு நின்ற மனிதர், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவாரா?

இதை நம் ஃபீட் குழுவினருக்காகத்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் காதர் பாயை நேரில் பார்த்ததில்லை. குத்தாலத்தில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்துப் போர்செட் மோட்டார்கள் எரிந்துபோனால் அவரிடம்தான் வரும். கடைக்குப் பின்னாலேயே வீடு. மொட்டைமாடியில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு டிஷ், அதைத் திருப்ப அவரே காயில் கட்டிப் பூட்டிய ஒரு மோட்டார்.

உங்கள் வீட்டாரும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை. தொலைக்காட்சிக்காரர்களின் வண்டி எங்காவது போய் நின்று படம் அனுப்பினால், அது முதலில் செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து அவர்கள் நிலையத்துக்கு இறங்கும். பூட்டுப் போடாமல் அனுப்பினால் நம் வீட்டு டிஷ்ஷிலும் விழும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறைந்துவிடும். அதுதான் ஃபீட். எப்போது, எந்த அலைவரிசையில் திறக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாமே தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்ததைக் குழுவில் போட்டு, எந்தக் கோள், எந்த ஊர், என்ன நிகழ்ச்சி என்று அடுக்கி வைப்போம். இதில் வருமானமும் கிடையாது, பெயரும் கிடையாது. என் மனைவியைக் கேட்டால் புத்தியும் கிடையாது என்பாள்.

நானும் அவரும் பழகியதே ஒரு தகராறில்தான். ஒரு தேரோட்டத்தின் ஃபீட்டை நான்தான் முதலில் கண்டேன் என்று குழுவில் மார்தட்டிக்கொண்டேன். அவர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "நீங்களே கண்டதா இருக்கட்டும். முடியுறவரைக்கும் உக்காந்திருப்பீங்கள்ல?" நான் அப்போதே சாப்பிடப் போய்விட்டிருந்தேன். தேர் நிலைக்கு வந்து, வண்டிக்காரர்கள் கம்பிகளைச் சுருட்டி, படம் கறுத்துப்போகும்வரை அவர்தான் இருந்து, "அணைந்தது" என்று குழுவில் போட்டார். அதன் பிறகுதான் நம் குழுவில் அது வழக்கமானது. கண்டவர் கடைசிவரை இருந்து "அணைந்தது" போட வேண்டும். அவர் கொண்டுவந்த இன்னொரு வழக்கமும் உண்டு. தப்பாகப் போட்டதை யாரும் அழிக்கக் கூடாது, அதற்குக் கீழேயே திருத்தம் போட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முணுமுணுப்பார்கள், நானும் முணுமுணுத்திருக்கிறேன்.

கிரிக்கெட், திருவிழா என்று நாம் அலைவோம். அவருக்குப் பிடித்தது நேரலைக்கு முந்தைய நேரம். நிருபர் தலை சீவிக்கொள்வார், யாரோ டீ கொண்டுவருவார்கள், பின்னால் ஆடு மேயும். "யாரும் பாக்கலைன்னு நெனைச்சுக்கிட்டு இருப்பாங்க சேகர். ஊரு அப்பத்தான் ஊரா இருக்கும்" என்பார். இப்படி மணிக்கணக்கில் ஆடு மேய்வதைப் பார்க்கிற ஒரே மனிதர் நீங்கள்தான் என்று நான் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார்.

அவர் பயந்த சுபாவம் உள்ளவர். இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்ல வந்தது உங்களுக்குப் புரியாது. ஒருமுறை யாரோ, பாய் வீட்டு மாடியில் பெரிய டிஷ் ஒன்று தானாகத் திரும்புகிறது, என்ன பார்க்கிறாரோ என்று காவல் நிலையத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்களுக்கு அப்போது திரையில் கிடைத்தது தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு காலி மைதானம். மழை விடுகிறதா என்று அவர்களும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்தக் கதையை அவர் நம்மிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் அடுத்த நாளே டிஷ்ஷைத் தெருவுக்குத் தெரியாதபடி மாடியின் பின்பக்கம் மாற்றிவிட்டார். வெகு நாள்வரை வாசலில் பைக் நின்றால் எழுந்து எட்டிப்பார்ப்பார்.

இனி அந்த வெள்ள நாள். அன்று நான் அவர் பக்கத்தில் இருந்தேன். குழுவில் பலவிதமாகப் பேசிக்கொண்டீர்கள், நடந்தது இதுதான்.

மேட்டூர் நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் போய்க்கொண்டிருந்தது. என் அரவை மோட்டாரின் காயில் எரிந்துபோனதால் அதைத் தூக்கிக்கொண்டு குத்தாலம் போயிருந்தேன். வீட்டில் நஸ்ரின் இருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம், கணவர் வளைகுடாவில். அவளை அழைத்துக்கொள்ள அவருக்கு அப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டிருந்தார்கள், காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வருவது ஒன்றுதான் பாக்கி. அந்த வாரமோ அடுத்த வாரமோ வருவார்கள் என்று வீடே காத்திருந்தது.

காலையிலேயே காதர் பாய் ஒரு ஃபீட்டைப் பிடித்திருந்தார். கொள்ளிடத்தின் தென்கரையில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வண்டி. நடுவில் மறைந்து, மத்தியானத்துக்கு மேல் மறுபடி திறந்தது. அதே அலைவரிசை, இடதுபுறம் அதே ஆறு, பின்னால் அதே பாலம். "மறுபடி திறந்தது, தென்கரை" என்று குழுவில் போட்டார். நிருபர் நேரலையில் பேசி முடித்துவிட்டு எங்கோ போய்விட்டார். கேமராவைத் தாங்கியில் நிறுத்தியபடியே கேமராக்காரரும் போய்விட்டார். படம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் நிலையத்திலும் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நீங்கள் எல்லோரும் ஒரு கிரிக்கெட் ஃபீட்டுக்குத் தாவிவிட்டீர்கள். நானும் அதற்கு மாற்றச் சொன்னேன். கண்டவர் எழுந்திருக்கக் கூடாதே, அவர் மாற்றவில்லை.

படத்தின் வலதுபுறம் கரையின் சரிவு, சரிவின் அடியில் தகரம் போட்ட ஒரு வீடு. நைட்டியின் மேல் துண்டு போட்ட ஒரு பெண் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். இரண்டு குழந்தைகள் வாசலில் எதையோ அடுக்கி விளையாடின. மாடு கட்டியிருந்த இடத்துக்குப் பின்னால், கரையின் காலடியில் தரை ஈரமாக மினுமினுத்தது. வெள்ளக் காலத்தில் கரை கசிவது புதிதில்லை என்றேன். காதர் பாய் கையிலிருந்த கம்பியை வைத்துவிட்டுத் திரைக்கு அருகே போனார்.

"கலங்கலா வருது சேகர்" என்றார்.

டெல்டாவில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கரைக்கு வெளியே தெளிந்த தண்ணீர் கசிந்தால் கவலை இல்லை. கலங்கி வந்தால், கரையின் மண்ணை ஆறு உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பார்க்கப் பார்க்க அந்த இடம் கொதிக்கிற உலை மாதிரி குமிழ் விட்டது. ஆற்றின் மட்டம் அந்த வீட்டுக் கூரையை விட உயரத்தில் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு முதுகுப் பக்கம் நடக்கிற எதுவும் தெரியவில்லை.

சானலுக்கு அழைத்தேன். பதிவு செய்த குரல் ஒன்று எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. காதர் பாய் வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்தார். பெயர், ஊர், எங்கே கசிகிறது எல்லாம் சொன்னார். எதிர்முனையில் கேட்ட ஒரே கேள்வி, குத்தாலத்தில் இருந்துகொண்டு அதை எப்படிப் பார்த்தீர்கள் என்பதுதான். டிஷ்ஷில் பார்த்ததாகச் சொன்னார். ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு போனை வைத்தார்கள்.

காத்திருந்தோம். படத்தில் ஒருவரும் வரவில்லை. குமிழ் விட்ட இடத்திலிருந்து ஒரு சிறு வாய்க்கால் மாட்டின் காலடிக்கு வந்துவிட்டது. மாடு காலை மாற்றி மாற்றி வைத்தது. வண்டிக்குள் யாராவது இருக்க மாட்டார்களா, ஒருவனாவது இறங்கித் திரும்பிப் பார்க்க மாட்டானா என்று அந்தத் திரையைப் பார்த்துத் திட்டினேன்.

அப்போது போன் வந்தது. கட்டுப்பாட்டு அறைக்காரர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. தென்கரை முழுக்க நடந்து பார்த்துவிட்டார்களாம், ஒரு சொட்டுக் கசிவு இல்லையாம். விசாரிக்க வந்ததைப் பார்த்தே அந்த ஊர்க்காரர்கள் சட்டி பானையோடு ஓடி, ஒரு முதியவர் விழுந்து அடிபட்டுவிட்டாராம். வெள்ள நேரத்தில் புரளி கிளப்பினால் என்ன ஆகும் தெரியுமா, முழு முகவரியைச் சொல்லுங்கள், காவல் நிலையத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்றார். காதர் பாய் முகவரியைச் சொன்னார். உள்கதவில் நின்று நஸ்ரின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். காலையில் எடுத்த படத்தைத்தான் திரும்ப ஓட்டுகிறார்கள்போல, விடுங்கள் பாய் என்றேன். தொலைக்காட்சி நிலையங்கள் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் காலைப் படத்தில் மாடு இல்லை, வீடு இல்லை. அவர் போனை எடுத்து, காலையில் தாம் குழுவில் போட்டிருந்த படத்தைத் திறந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். ஆறு, பாலம், வண்டி, வண்டியின் கூரையில் டிஷ். இரண்டிலும் ஒன்றுபோலத்தான் எனக்குத் தெரிந்தது.

"காலைல டிஷ்ஷோட முதுகு தெரியுது. இப்ப மூஞ்சி தெரியுது" என்றார்.

சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. நமக்குத் தெரியாததா? அந்தக் கோள் நம் பக்கத்துக்குத் தென்கிழக்கில் நிற்கிறது. வண்டி எங்கே போய் நின்றாலும் அதன் டிஷ் தென்கிழக்கைத்தான் பார்க்கும். காலையில் அது ஆற்றுக்கு முதுகைக் காட்டியது. இப்போது அதன் முகம் ஆற்றின் பக்கம் சாய்ந்திருந்தது. அப்படியானால் ஆறு வண்டிக்குத் தெற்கே இருக்கிறது. வண்டி பாலத்தைக் கடந்து வடகரைக்குப் போய்விட்டது. அங்கே திரும்பி நின்று எடுத்ததால் மறுபடியும் ஆறு இடதுபுறம், பாலம் பின்னால். நாணல் மறைத்ததில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் பிடிபடவில்லை. காலையில் நின்ற இடத்திலேயே வண்டி நிற்கும் என்று நினைத்துத் தென்கரை என்று போட்டது அவர். வாசித்த நாம் ஒருவரும் மாற்றிச் சொல்லவில்லை.

பக்கத்தில் வைத்திருந்த போனை அவர் தேடினார். அதற்குள் நஸ்ரின் அதை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் அத்தா. ஒருதடவை சொல்லித் தப்பாயிடுச்சு. ஸ்டேஷனுக்கு உங்க பேரு போயிடுச்சு. அங்கேருந்துதான் என் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வரணும். இன்னொருதடவை தப்பாச்சுன்னா எனக்கு இந்த ஜென்மத்துல பாஸ்போர்ட் கிடையாது."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நான் கூப்பிடுகிறேன் என்று என் போனை எடுத்தேன். காதர் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் பைக் ஏதும் நிற்கிறதா என்று ஒருமுறை எட்டிப்பார்த்தார்.

"புது ஆளு கூப்பிட்டா அது ரெண்டாவது புரளி. தப்பாச் சொன்னவனே திருத்துனாத்தான் கேப்பாங்க" என்றார். பிறகு மகளிடம் கையை நீட்டினார். அவள் போனை அவர் கையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஐயா, குத்தாலம் அப்துல் காதர் பேசுறேன். முன்னாடி பேசுன அதே ஆளுதான். தென்கரைன்னு சொன்னது என் தப்பு. வடகரை. பாலத்துக்குக் கிழக்கால, வெள்ளை டிவி வண்டி நிக்கிற எடம். தகரக் கொட்டகை, ஒரு பொம்பள, ரெண்டு புள்ளைங்க. என்னை அப்புறமா என்ன வேணாலும் பண்ணுங்க. இப்ப ஆளை அனுப்புங்க."

பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்கள். நம்பினார்களா என்று தெரியாது. அந்தப் பெண் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அது இன்னும் மோசம். மாட்டின் குளம்பு தண்ணீரில் மறைந்தது. கரைச் சரிவில் ஒரு பாளம் மண் மெதுவாக வழுக்கி இறங்குவதைப் பார்த்தேன். எங்களால் செய்ய ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷமாக ஊர் உலகத்தையெல்லாம் வீட்டில் இருந்தே பார்க்கிறோம் என்று பெருமை பேசியவன் நான். அன்றைக்கு அந்தத் திரையை உடைக்க வேண்டும்போல இருந்தது.

படத்தின் ஓரத்தில் ஒரு டிராக்டரின் மூக்கு தெரிந்தது. லுங்கியை மடித்துக் கட்டிய ஆட்கள் குதித்து ஓடினார்கள். ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்தப் பெண் ஒரு குழந்தையை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாக வெளியே வந்து, பின்பக்கம் பார்த்து அப்படியே நின்றாள். மாட்டுக் கயிறு அவிழவில்லை, யாரோ அரிவாளால் அறுத்தார்கள். குமிழைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கினார்கள், சவுக்குக் கழிகளை இறக்கினார்கள். எங்கிருந்தோ நிருபர் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். நஸ்ரின் எப்போது திரும்பி எங்களோடு சேர்ந்து பார்க்கத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியாது. காதர் பாய் தேம்பி அழுதார். நானும்தான்.

கரை உடையவில்லை. உடையாத கரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, யார் சொல்லி ஆள் வந்தது என்றும் எந்தச் செய்தியிலும் வரவில்லை. அவர் குழுவில் தம் பழைய பதிவின் கீழ் "தென்கரை என்றது தவறு, வடகரை" என்று போட்டார். வண்டி கிளம்பும்வரை இருந்து "அணைந்தது" போட்டார். விஷயம் கசிந்து உங்களில் சிலர் அவரைப் புகழ்ந்தபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "என்னால ஒரு பெரியவரு விழுந்து அடிபட்டிருக்காரு. அதையும் சேத்துப் பேசுங்க" என்றார். விசாரித்து, அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். நானும் உடன் போனேன். கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னார், எச்சரித்து அனுப்பினார்கள். நஸ்ரினின் விசாரணை தள்ளிப்போனது. அதற்குள் கணவருக்குக் கிடைத்த அனுமதியின் கெடு முடிந்து, அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவள் விமானம் ஏற ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருஷம் அப்பனும் மகளும் ஒரே வீட்டில் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. தட்டை வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். அவர் நியாயம் பேசவில்லை, சமாதானம் சொல்லவில்லை. கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அவர் இறந்த அன்று நான் குத்தாலம் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். மாலைத் தொழுகைக்கு முன் அடக்கம் செய்தோம். எல்லோரும் கலைந்த பிறகு கபர்ஸ்தான் வாசலில் நின்று நஸ்ரினை அழைத்தேன். யார் யார் வந்தார்கள், முகம் எப்படி இருந்தது எல்லாம் கேட்டாள், சொன்னேன். கடைசியாக இதைக் கேட்டாள்.

"மாமா, நீங்க பக்கத்துல இருந்தீங்க. அன்னைக்கு ரெண்டாவது தடவை கூப்பிட்டப்ப அத்தா என்னைய நெனைச்சாங்களா? இல்ல, அந்த அவசரத்துல மறந்துட்டாங்களா?"

இத்தனை வருஷம் அவள் மனத்தில் கிடந்த கேள்வி இதுதான். மறந்துவிட்டார் என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்குப் பொய் வரவில்லை.

"நெனைச்சாரும்மா. நீ சுவரைப் பாத்துக்கிட்டு நின்னே. உன் முதுகையே பாத்துக்கிட்டுத்தான் நம்பரைப் போட்டாரு. பேசி முடிக்கிறவரைக்கும் கண்ணை எடுக்கலை."

அப்போதுதான் அவள் அழுதாள். நான் போனை வைக்கவில்லை.

அவருடைய டிஷ் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். குழுவின் வழக்கங்கள் உங்களோடு இருக்கும். நான் என்னோடு வைத்துக்கொண்டது அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, போனைக் காதில் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காகப் பேசியபடி, இன்னொரு பக்கம் தன் மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதரின் முகத்தை. மகளை மறந்துவிட்டுக் கூப்பிட்டிருந்தால் நானும் அவரை வீரர் என்று மட்டும் எழுதி முடித்திருப்பேன். அவர் மறக்கவே இல்லை.